வாவிக்கரையில் ஒரு நண்டுக்கறிக் கடை: சாப்பாட்டுக்கு நாலு நட்சத்திரம், பில்லுக்கு ஒன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயரைப் போடப் போவதில்லை. பெயர் போட்டால் நாளைக்கே முதலாளி "இதை யார் வெளியில சொன்னது" என்று தேடத் தொடங்குவார், அங்கே வேலை செய்வது மொத்தமே ஒன்பது பேர், ஆளைக் கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் கூட வேண்டாம். மட்டக்களப்பில் வாவியைப் பார்த்தபடி மேசை போட்ட கடைகள் இப்போது நிறைய வந்துவிட்டன, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத விமர்சனம் எதற்கு என்று கேட்பீர்கள். வாசித்துப் பாருங்கள், நீங்கள் போகும் கடைக்கும் பொருந்தலாம்.

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் வந்திருந்தாள், பதினொரு வருடத்துக்குப் பிறகு. வந்த நாளிலிருந்து நண்டு, நண்டு என்று ஒரே பாட்டு. வீட்டில் ஒரு தரம் ஆக்கிக் கொடுத்தாயிற்று, ஆனால் காற்றுப்பட இருந்து சாப்பிட வேண்டுமாம், பிள்ளைகளுக்கு வாவியைக் காட்ட வேண்டுமாம். சரி என்று ஒரு சனிக்கிழமை பொழுதுபட நான், இவர், மச்சாள், அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஐந்து பேர் போனோம்.

சாப்பாட்டைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். நண்டுக்கறி களப்பு நண்டில் வைத்தது, ஐஸில் கிடந்த நண்டு இல்லை, சதை ஓட்டில் ஒட்டாமல் முழுசாகக் கழன்று வந்தது. முருங்கை இலை கடைசியில் போட்டிருந்தார்கள், கறுப்பாகாமல் பச்சையாகவே கிடந்தது. தேங்காய்ப்பால் அளவாக, மிளகு கொஞ்சம் தூக்கலாக. எங்கள் அம்மாவின் கைக்கு ஒரு படி கீழே, மற்ற எல்லாக் கடைக்கும் மேலே. பிட்டு சூடாக வந்தது, உதிரியாக இருந்தது, கடைப் பிட்டில் அதிகம் கிடைக்காத விஷயம். இறால் பொரியல் பரவாயில்லை. கணவாய் மட்டும் ரப்பர், அதை விட்டுவிடலாம். பிள்ளைகளுக்கு எடுத்த ப்ரைட் ரைஸ் எல்லாக் கடையிலும் இருக்கிற அதே ப்ரைட் ரைஸ்தான். ஜூஸ் 450 ரூபாய், சீனி கூட.

எங்கள் மேசையைப் பார்த்தது ஒரு தம்பி, இருபது இருபத்தொரு வயது இருக்கும், படுவான்கரைப் பக்கத்துப் பிள்ளை. நண்டு உடைக்கத் தெரியாமல் மச்சாளின் சின்னவள் திண்டாட, கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் சுடுதண்ணீரும் தேசிக்காயும் கொண்டுவந்து வைத்து, பக்கத்தில் நின்று கால் ஒன்றை உடைத்துக் காட்டினான். பன்னிரண்டு மேசைக்கு இரண்டே பேர் ஓடித் திரிகிறார்கள், அதற்குள் இதற்கும் நேரம் எடுத்தான். சேவைக்கு நட்சத்திரம் கொடுப்பதென்றால் அவனுக்கு ஐந்தும் கொடுப்பேன். ஆனால் அந்த நட்சத்திரம் கடையின் கணக்கில்தான் ஏறும், அவன் கணக்கில் ஏறாது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பில் வந்தது. சாப்பாடு 13,000. அதற்குக் கீழே சேவைக் கட்டணம் பத்து வீதம், 1,300. மொத்தம் 14,300. மச்சாள் கட்டுகிறேன் என்று அடம்பிடித்தாள், விட்டுவிட்டோம். காட் மெஷினை நீட்டியதும் அவள் வழக்கப்படி "டிப்ஸ் எங்க போடுற" என்று கேட்டாள். அங்கே ரொறன்ரோவில் மெஷினே கேட்குமாம், 18, 20, 25 என்று மூன்று பொத்தான், குறைத்துப் போட வேண்டுமென்றால் நாலாவது பொத்தானைத் தேடிப் பிடிக்க வேண்டும், பின்னால் ஆட்கள் நிற்க யார் தேடுவது. இங்கே அந்தப் பொத்தான் இல்லை. காசாளர் "சேர்த்தே அடிச்சிடுறன் அக்கா" என்று 2,000 ரூபாயைக் கூட்டி 16,300 என்று அடித்துவிட்டார்.

வெளியில் வந்து மோட்டார் சைக்கிள் எடுக்கும்போது அந்தத் தம்பி குப்பை வாளியோடு பின்பக்கத்தால் வந்தான். மச்சாள் சந்தோசமாக, "தம்பி, உங்களுக்கு உள்ள குடுத்திருக்கன்" என்றாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. நான் விடவில்லை, "கிடைக்குமா மனே" என்று கேட்டேன். கிறுகிப் பார்த்துவிட்டு, "காட் மெஷின்ல போட்டா எங்களுக்கு வராதுக்கா" என்றான். அப்போ அந்தப் பத்து வீதம்? "அதுவும் இல்ல. சத்தமாப் பறையாதீங்க அக்கா."

சம்பளம் ஒரு நாளைக்கு 1,500. காலை பத்து மணிக்கு வந்தால் இரவு பத்து. சாப்பாடு கடையில். வராத நாளுக்குக் காசு இல்லை. ஓய்வுகாலத்துக்கென்று சேர்க்கிற ஊழியர் சேமலாப நிதி என்ற பேச்சே இல்லை. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு 1,500 என்றால் மணிக்கு 125 ரூபாய், நாங்கள் குடித்த ஒரு ஜூஸுக்கு அவன் மூன்றரை மணித்தியாலம் ஓட வேண்டும். அந்த முதலாளியிடம் கேட்டால் சட்டப்படிக்குக் கூடத்தான் கொடுக்கிறேன் என்பார். இலங்கையில் தேசிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 1,200 ரூபாய், மாதத்துக்கு 30,000. அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமான 1954ஆம் ஆண்டுச் சட்டம் நாளைக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து என்று சொல்கிறது, அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். சேமலாப நிதிக்கு முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். அந்த வரிகளை யாரும் வாசிப்பதில்லை. சனிக்கிழமைகளில் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் ஓடும் என்று தம்பி சொன்னான். அதில் பத்து வீதம் பதினையாயிரம், ஒன்பது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,600க்கு மேல். அதாவது அன்றைக்கு அவர்களுடைய சம்பளத்தை விடப் பெரிய தொகை அவர்களுடைய வேலையின் பெயரில் வசூலாகி வேறு சட்டைப்பைக்குப் போகிறது. சம்பளத்தையே எங்களிடம் வாங்கித்தான் கொடுக்கிறார், மிச்சமும் இருக்கும்.

மச்சாளுக்கு இது விளங்கவே இல்லை. அவர்கள் ஊரில் டிப்ஸ் ஒரு தொல்லைதான், ஆனால் முதலாளி அதில் கைவைக்கக் கூடாது என்று ஒன்ராறியோவில் 2016இலிருந்தே சட்டம் இருக்கிறது. முன்பு அங்கே மதுபானம் பரிமாறும் வெயிட்டர்களுக்கு டிப்ஸ் வருகிறதே என்று மற்றவர்களை விடக் குறைந்த சம்பளம் வைத்திருந்தார்கள், 2022 ஜனவரியில் அதையும் எடுத்துவிட்டு ஒரே சம்பளம் ஆக்கினார்கள். சம்பளம் ஏறிவிட்டது, அப்புறம் ஏன் மெஷின் இன்னும் 18இல் தொடங்குகிறது என்பது அவளுடைய புலம்பல். நியாயமான புலம்பல்தான்.

எல்லை தாண்டினால் அமெரிக்காவில் கதை இன்னும் மோசம். அங்கே மத்திய சட்டப்படி டிப்ஸ் வாங்கும் வேலையாட்களுக்கு முதலாளி மணிக்கு 2.13 டொலர் கொடுத்தால் போதும். 1991இல் வைத்த தொகை, இன்றைக்கும் அதேதான். மற்றவர்களுக்கான குறைந்தபட்சம் 7.25, அதுவும் 2009இலிருந்து அசையவில்லை. இடையில் உள்ள வித்தியாசத்தை வாடிக்கையாளர் நிரப்ப வேண்டும், அவர்கள் நிரப்பாவிட்டால் முதலாளி நிரப்ப வேண்டும் என்பது சட்டம். கலிபோர்னியா, வாஷிங்டன் மாதிரிச் சில மாநிலங்கள் மட்டும் எங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம், முழுச் சம்பளம் கொடு என்று வைத்திருக்கின்றன. அமெரிக்கப் படங்களில் வெயிட்டர் பெண் பல்லைக் காட்டிக்கொண்டே நிற்பதைப் பார்த்து என்ன கனிவு என்று நினைத்திருக்கிறேன், அவளுடைய வீட்டு வாடகை அந்தச் சிரிப்பில் தொங்குகிறது என்று பிறகுதான் தெரிந்தது.

இதற்கு நேர் எதிர் என்றால் எங்கள் சித்தப்பா. எண்பதுகளின் கடைசியில் சுவிஸ் போனவர், எங்கள் ஆட்கள் நிறையப் பேர் மாதிரி அவருக்கும் முதலில் கிடைத்தது ரெஸ்டோரண்ட் குசினிதான், பேர்ண் நகரில் கோப்பை கழுவினார், பிறகு மரக்கறி வெட்டினார், பிறகு சமையல். சுவிஸில் 1974இலிருந்து பரிமாறும் கூலி சாப்பாட்டு விலைக்குள்ளேயே அடக்கம், பில்லுக்குக் கீழே சேவைக் கட்டணம் என்று தனியாகக் கிடையாது, விரும்பினால் சில்லறையை விட்டுவிட்டு வரலாம், விடாவிட்டாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். ஹோட்டல் தொழிலுக்கென்று நாடு முழுக்க ஒரே கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது, படிக்காத ஆளுக்கு எவ்வளவு, தொழில் பழகியவருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள், பதின்மூன்றாவது மாதச் சம்பளமும் உண்டு. சித்தப்பா சொல்வார், முப்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளரின் முகத்தை நான் கண்டதில்லை, ஒரு சதம் டிப்ஸ் என் கைக்கு வந்ததில்லை, ஆனால் மார்கழியில் இரட்டைச் சம்பளம் வராமல் இருந்ததும் இல்லை என்று. அந்தக் காசில்தான் இங்கே இரண்டு தங்கச்சிமாருக்கு வீடு கட்டினார்.

அந்த நண்டுக்கறியை வைத்தது யார் என்று தம்பியிடம் கேட்டேனே, குசினியில் ஒரு அக்காவாம், ஐம்பது வயது தாண்டியவர். மச்சாள் 2,000 ரூபாயைக் காட் மெஷினில் போடாமல் தம்பியின் கையிலேயே வைத்திருந்தாலும் அந்த அக்காவுக்கு என்ன வந்திருக்கும்? டிப்ஸ் முகம் தெரிகிறவருக்குத்தான் போகும். பில்லில் வருகிற பத்து வீதம் என்பது உண்மையில் அந்த அக்காவுக்கும் தட்டுக் கழுவுகிறவருக்கும் முற்றம் கூட்டுகிறவருக்கும் சேர்த்து வந்த காசு, அதனால்தான் அதை முதலாளி விழுங்குவது எனக்கு டிப்ஸை விழுங்குவதை விடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல் ஒன்றில் என் சொந்த அக்காவின் மகன் நிற்கிறான். அங்கே இதை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று அவனே சொல்கிறான். மாதக் கடைசியில் சேர்விஸ் சார்ஜ் எவ்வளவு சேர்ந்தது என்று கணக்குப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் உள்ள பொயின்ட் படி பிரித்துக் கொடுப்பார்கள். ஆடி ஆவணியில் அந்தக் காசு அடிப்படைச் சம்பளத்தையே தாண்டும். ஆனால் ஐப்பசி பிறந்து மழை இறங்கி, கடல் கறுத்தால் அறைகள் காலி, சேர்விஸ் சார்ஜும் காலி. வேலை குறையாது, மழைத்தண்ணீர் துடைக்கிற வேலை கூடும். 2019 சித்திரைக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், கொரோனாவிலும், 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலத்திலும் வெறும் அடிப்படைச் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்தான். மோட்டார் சைக்கிள் லீசிங் போட்டபோது லீசிங்காரர் சேர்விஸ் சார்ஜைக் கணக்கிலேயே எடுக்கவில்லை, "அது நிரந்தரம் இல்லையே தம்பி" என்றாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஒழுங்காகப் பிரித்தாலும் வானத்தைப் பார்த்து வாழ வேண்டிய காசு அது, வயல்காரர் மாதிரி.

எங்கள் மேசைத் தம்பியும் போன வருடம் அறுகம்குடாவில் ஒரு சீசன் நின்றவனாம். அலை ஓட வருகிற வெள்ளைக்காரர் கையிலேயே டிப்ஸ் கொடுப்பார்கள், நல்ல நாளில் சம்பளத்தை விடக் கூட வரும், அவர்களுடைய மேசையைப் பிடிக்க வேலைக்காரருக்குள்ளேயே சண்டை வரும் என்றான். நம்மட ஆட்கள் குடும்பத்தோடு வந்து இருந்தால்? சிரித்துவிட்டு "சோறுதானேக்கா, கொஞ்சம் சுணங்கும்" என்றான். டிப்ஸின் இந்தப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

நம்மட ஆட்களையும் சும்மா விட முடியாது. பில் வைத்த அட்டைக்குள் இருபது ரூபாய்த் தாளை வைத்துவிட்டு ஏதோ சொத்து எழுதிக் கொடுத்த மாதிரி எழும்புகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். கோயில் உண்டியலுக்கு ஆயிரம் போடுவார்கள், கேட்டால் "அதுதான் சேர்விஸ் சார்ஜ் எடுத்துட்டாங்களே". எடுத்தவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, அன்றைக்குத்தான். இத்தனைக்கும் கல்யாணத்துக்கு முன் ரவுனில் ஒரு புடவைக்கடையில் மூன்று வருடம் நின்றவள் நான். நின்றவள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், இருக்க ஒரு முக்காலி கிடையாது, ஆள் இல்லாத நேரத்திலும் சாய்ந்து நின்றால் மேலாளர் கனைப்பார். தமிழ்நாட்டில் 2021இல் கடை வேலையாட்களுக்கு இருக்கை வைக்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தார்கள், அந்தச் செய்தியை வாசித்த அன்றைக்கு என் குதிக்கால் வலி ஒரு தரம் வந்து போனது.

லண்டனிலிருக்கும் மச்சானிடம் போனில் கதைத்தபோது அங்கே 12.5 வீதம் எடுக்கிறார்கள், ஆனால் 2024 ஒக்டோபர் 1இலிருந்து சட்டம் மாறி, சேர்விஸ் சார்ஜ், டிப்ஸ் எதுவானாலும் முழுவதையும் வேலையாட்களுக்கே நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், முதலாளி கழித்துக்கொள்ள முடியாது என்றார். இந்தியாவில் வேறு வழியில் போனார்கள், சேவைக் கட்டணத்தைக் கேட்காமல் பில்லில் சேர்க்கவே கூடாது என்று 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையம் சொன்னது சரி என்றது. வாடிக்கையாளருக்கு நல்லது. வெயிட்டருக்கு நல்லதா என்று எனக்குச் சந்தேகம், சேவைக் கட்டணத்தை எடுத்துவிட்டால் சம்பளம் தானாக ஏறிவிடாதே. எனக்குப் பிடித்தது சுவிஸ் வழிதான், நண்டுக்கறியின் விலையையே கூட்டி எழுதிவிட்டு சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்கட்டும். நாங்கள் விலையைப் பார்த்துவிட்டே ஓடர் பண்ணுகிறோம், கசப்பென்றால் கணவாயை விட்டுவிடுகிறோம்.

இரண்டு கிழமை கழித்து நானும் இவரும் மட்டும் திரும்பப் போனோம், நண்டுக்காகவும்தான், பொய் சொல்லக் கூடாது. 5,000 ரூபாய்க்குச் சாப்பிட்டோம், 500 சேவைக் கட்டணம். காசாளரிடம் இது யாருக்குப் போகிறது என்று மெதுவாகக் கேட்டேன். "அது சிஸ்டத்தில வாறது அக்கா" என்றார். சிஸ்டம் சாப்பிடுமா தம்பி என்று கேட்க நினைத்தேன், பாவம், அவரும் நாட்சம்பளம்தான். எடுத்துவிட முடியுமா என்று மட்டும் கேட்டேன். அவர் போனை எடுத்து முதலாளியோடு கதைத்தார், நாங்கள் ஏதோ வருமான வரி ஆட்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, அரை நிமிடத்தில் புதுப் பில் வந்துவிட்டது, 5,000 மட்டும். அவ்வளவு இலேசாகக் கழன்றுவிட்டது அந்தச் சிஸ்டம். இவருக்குத்தான் கூச்சம், வெளியில் வந்து "ஐந்நூறு ரூபாய்க்கா இவ்வளவு" என்றார்.

அந்த ஐந்நூறையும் இன்னொரு ஐந்நூறையும் தாளாக மடித்துப் பின்பக்கம் நின்ற தம்பியின் கையில் கொடுத்தேன். பாதி, நண்டுக்கறி வைத்த அக்காவுக்கு என்றேன். அவன் ஒரு தாளை மேல்பையிலும் மற்றதைக் காற்சட்டைப் பையிலுமாகப் பிரித்து வைத்தான். "அவக்கு இப்ப குடுக்க ஒண்ணாக்கா, குசினியில கமரா இருக்கு. பஸ்சுக்குப் போகக்குள்ள குடுக்கன்."

போக நினைப்பவர்களுக்கு: ஏழு மணிக்கு முன் போங்கள், அதற்குப் பிறகு நண்டு முடிந்துவிடும், வாவிப் பக்க மேசையும் கிடைக்காது. கழிவறை துப்புரவு. வாகனம் விட இடம் குறைவு. காட் எடுப்பார்கள், ஆனால் தாளாகக் கொஞ்சம் காசும் கொண்டு போங்கள், அதையும் இரண்டாக மடித்து.